சேனல் 4-இன் முதல் இரவு (1982 நவம்பர் 2): ஒரே மாலையில் இத்தனை வகையா?

கரிசல்காற்று எழுதியது:

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி தொடங்கிய நாளின் நிகழ்ச்சி நிரலைக் கொஞ்ச நாளாகவே கிளறிக்கொண்டிருக்கிறேன். 1982 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை. அதுவரை அங்கே மூன்றே சேனல்கள்: பி.பி.சி. 1, பி.பி.சி. 2, வட்டாரத் தனியார் கம்பெனிகள் நடத்திய ஐ.டி.வி. பல டி.வி. பெட்டிகளில் நான்காவது பொத்தான் வேலை இல்லாமல் காத்திருந்தது. அந்த மாலை 4.45க்கு அதற்கு உயிர் வந்தது. பல வண்ணத் துண்டுகள் பறந்து வந்து ஒன்றுகூடி '4' ஆகும் சின்னம், மார்ட்டின் லாம்பி-நைர்ன் வடிவமைத்தது. பின்னால் டேவிட் டண்டாஸின் நான்கு சுர இசை. அறிவிப்பாளர் பால் கோயா வரவேற்றுப் பேசினார். அவ்வளவுதான், ஆர்ப்பாட்டம் எதுவுமில்லை, நேராக நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள்.

முதலில் 'கவுண்ட்டவுன்' என்ற எழுத்து-எண் போட்டி. அப்புறம் வரப்போகிற நிகழ்ச்சிகளைப் பற்றிய முன்னோட்டம். 5.30க்கு உடற்பயிற்சி. 6 மணிக்கு அமெரிக்காவிலிருந்து வாங்கிய 'தி பீப்பிள்ஸ் கோர்ட்'. சின்னச் சின்ன உண்மை வழக்குகளைக் கேமரா முன்னால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். 6.30க்கு ஹெர்மியோன் லீ நடத்திய புத்தக நிகழ்ச்சி. 7 மணிக்கு ஒரு மணி நேரச் செய்தி. 8 மணிக்கு லிவர்பூலில் எடுத்த 'புரூக்சைடு' தொடர். 8.30க்கு ஆஸ்திரேலியாவின் பால் ஹோகன் செய்யும் நகைச்சுவை. 9 மணிக்கு 'வால்டர்' என்ற முழுப் படம். 10.15க்கு எனிட் பிளைட்டனின் சிறுவர் சாகசக் கதைகளைக் கிண்டல் செய்யும் 'ஃபைவ் கோ மேட் இன் டார்செட்'. கடைசியாக 10.45க்கு மூன்று பெண்கள் கவிதையும் பாட்டுமாக நடத்திய 'இன் தி பிங்க்'.

இந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒரு வீட்டில் தாத்தா, பாட்டி, கல்லூரி மாணவர், வேலைக்குப் போகும் பெண், புத்தகப் பிரியர் என்று எல்லோரும் இருந்தால், ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரமாவது அந்த மாலையில் உண்டு. அதைவிட முக்கியம், தனக்கு வேண்டியதைப் பார்க்க உட்கார்ந்தவர் அடுத்ததையும் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கும். அந்த அடுத்ததில்தான் இந்த இரவின் மதிப்பே இருக்கிறது என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அந்த நாளை நேரில் பார்த்தவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

---

வடலி எழுதியது:

நான் பார்த்தேன். அப்போது கிழக்கு லண்டனில் வாடகை அறையில் இருந்த மாணவன். கீழ்வீட்டு டி.வி.யில் நாலாவது பொத்தானை அழுத்தி, பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகித் திருகிப் படம் தெளியும்வரை நின்றது நினைவிருக்கிறது.

எல்லோரும் மறந்துபோன ஒன்றைச் சொல்கிறேன்: விளம்பர இடைவேளைகள். அது விளம்பரத்தில் ஓடும் சேனல்தான். ஆனால் இடைவேளை வந்தால் பல நேரம் விளம்பரமே இராது. 'நிகழ்ச்சிகள் சற்று நேரத்தில் தொடரும்' என்கிற மாதிரி ஒரு அட்டை, இசை, வெறும் காத்திருப்பு. முதலில் ஏதோ பழுது என்று நினைத்தோம். காரணம் வேறு. இந்தப் புதிய சேனலில் வரும் விளம்பரங்களில் நடிப்பவர்களுக்கு என்ன ஊதியம் என்பதில் நடிகர் சங்கமான ஈக்விட்டிக்கும் விளம்பர நிறுவனங்களின் அமைப்புக்கும் தகராறு. பார்க்கிறவர்கள் குறைவு, ஆகவே ஊதியமும் குறைவாக இருக்கட்டும் என்றது ஒரு பக்கம். நடிப்பு நடிப்புத்தானே என்றது மறுபக்கம். அது தீர நெடுநாள் பிடித்தது.

'புரூக்சைடு' பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு முன் பார்த்த தொடர்களில் சுவர் தட்டினால் ஆடும். இதில் வீடு வீடாகவே இருந்தது. தயாரிப்பாளர் ஃபில் ரெட்மண்ட் லிவர்பூலின் வெஸ்ட் டார்பி பகுதியில் ஒரு முட்டுச்சந்தில் புதிதாகக் கட்டிய வீடுகளையே விலைக்கு வாங்கி, அவற்றுக்குள்ளேயே படம் எடுத்தார். குசினி இடுக்கம், படியில் ஏறும் சத்தம், எல்லாம் அசல். நாங்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் போகும் வழியில் பார்க்கிற தெருவைப் போலவே இருந்தது. வேலை இழந்தவர்கள், தொழிற்சங்கத்துக்காரர், வசதி குறைந்து இறங்கி வந்த குடும்பம் என்று அந்தக் காலத்து இங்கிலாந்து அந்த ஒரு சந்தில் குடியிருந்தது.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

'கவுண்ட்டவுன்' ரசிகர்கள் சார்பில் ஆஜர். பிரான்சில் முன்பே ஓடிய ஒரு போட்டியிலிருந்து எடுத்த வடிவம் இது. லீட்ஸில் யார்க்ஷைர் டெலிவிஷன் தயாரித்தது. ரிச்சர்ட் வைட்லி 1982 முதல் 2005இல் இறக்கும்வரை நடத்தினார். கரோல் வோர்டர்மேன் ஆரம்பத்திலேயே கணக்குப் பகுதியில் இருந்தார், 2008 வரை நீடித்தார். நிகழ்ச்சி இன்னும் ஓடுகிறது. முதல் மாலையின் முதல் நிகழ்ச்சி இவ்வளவு காலம் நிற்கும் என்று அன்றைக்கு யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

விதி தெரியாதவர்களுக்கு: எழுத்துச் சுற்றில் ஒன்பது எழுத்து கொடுப்பார்கள், 30 வினாடிக்குள் மிக நீளமான சொல்லை உருவாக்க வேண்டும். எண் சுற்றில் ஆறு எண்கள், ஒரு மூன்றிலக்க இலக்கு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும். ஒவ்வொரு எண்ணையும் ஒரு தடவைதான் பயன்படுத்தலாம், எல்லாவற்றையும் பயன்படுத்தவேண்டும் என்பதில்லை. சுவரில் பெரிய கடிகாரம், ஆலன் ஹாக்ஷா போட்ட இசை, முள் பாதி வட்டம் சுற்றி முடியும்போது அந்த 'டும்'.

சரி, முயன்று பாருங்கள். எண்கள்: 100, 25, 7, 4, 3, 2. இலக்கு 668.

---

சின்னத்தாய்பேரன் எழுதியது:

7 × 100 = 700. 700-இலிருந்து 25, 4, 3 மூன்றையும் கழித்தால் 668. 2 மிச்சம்.

---

மேகலை எழுதியது:

இன்னொரு வழி: 4 + 3 = 7. 7 × 100 = 700. அதிலிருந்து 25ம் 7ம் போனால் 668. இதிலும் 2 மிச்சம்.

இந்தப் போட்டியின் அழகு இதுதான். பரிசுத்தொகைக்காக யாரும் அங்கே வருவதில்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பவரும் மேடையில் இருப்பவரும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைப் போடுகிறார்கள்.

---

மூன்றாம்காட்சி எழுதியது:

என் ஆர்வமெல்லாம் ஒன்பது மணிப் படத்தின் மேல். 'வால்டர்' படத்தின் இயக்குநர் ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ். அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு மனிதனாக இயன் மெக்கெல்லன் நடித்திருக்கிறார். மேடையில் ஷேக்ஸ்பியர் பேசிப் பெயர் வாங்கியவர், இதில் சொற்கள் அநேகமாக இல்லாத பாத்திரம். தாய் இருக்கும்வரை வால்டருக்கு ஒரு வீடு இருக்கிறது. தாய் போனபின் காப்பகம். அந்தக் காப்பகத்தின் நீண்ட கூடங்கள், வரிசைக் கட்டில்கள், குளிப்பாட்டும் இடம், எதையும் கேமரா அழகுபடுத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் விடவில்லை.

ஒரு புதிய சேனல் தன் முதல் இரவின் முக்கியமான நேரத்தில் எதைக் காட்டும்? வேறு யாராக இருந்தாலும் நட்சத்திரக் கலைநிகழ்ச்சி வைத்திருப்பார்கள். இவர்கள் தங்கள் 'ஃபிலிம் ஆன் ஃபோர்' வரிசையை இந்தப் படத்தோடு தொடங்கினார்கள். அந்த வரிசை வெறும் ஒளிபரப்பு நேரம் அல்ல, படத்துக்குப் பணம் போடும் ஏற்பாடு. 1985இல் அதே ஃப்ரியர்ஸ், ஹனிஃப் குரேஷியின் திரைக்கதையில் 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' எடுத்தார். தென்லண்டனில் சலவைக்கடை நடத்தும் பாகிஸ்தானிய வம்சாவளி இளைஞன், அவனைக் காதலிக்கும் வெள்ளைக்கார இளைஞன். டி.வி.க்காக எடுத்த படம், கடைசியில் தியேட்டர்களுக்குப் போய், திரைக்கதைக்கு ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது. பிரிட்டிஷ் சினிமா தள்ளாடிய காலத்தில் அதைத் தாங்கிப் பிடித்தது ஒரு தொலைக்காட்சி சேனல். அதன் வேர் அந்த ஒன்பது மணியில் இருக்கிறது.

---

நேர்கோடு எழுதியது:

எல்லோரும் ஒரே குரலில் பாராட்டுவதால் மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன்.

வகை வகையாக அடுக்கிவிட்டால் அது நல்ல மாலை ஆகிவிடுமா? இந்தப் பட்டியலிலேயே இரண்டு நிகழ்ச்சிகள் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கியவை. நேரத்தை நிரப்ப வாங்கிப் போட்டதைப் பன்முகம் என்று சொல்கிறோம். அடுத்த சில வாரங்களில் என்ன நடந்தது? பார்வையாளர் எண்ணிக்கை மிகக் குறைவு. பத்திரிகைகள் போட்டுத் தாக்கின. 'புரூக்சைடு' பாத்திரங்கள் பேசிய கெட்ட வார்த்தைகளுக்குப் புகார் குவிந்து, அந்தப் பேச்சைப் பின்னால் குறைக்கவேண்டி வந்தது. ஏழு மணிச் செய்தியையும் ஆரம்பத்தில் ஆட்கள் பார்க்கவில்லை.

இன்னொன்று. கரிசல்காற்று சொல்வதுபோல் ஒரே ஆள் 4.45க்கு உட்கார்ந்து நள்ளிரவுவரை எழுந்திருக்காமல் பார்த்தாரா? கவுண்ட்டவுன் பார்த்த பாட்டி இன் தி பிங்க் நேரத்தில் தூங்கியிருப்பார். ஒவ்வொருவரும் தன் அரை மணி நேரத்தைப் பார்த்துவிட்டு மற்ற மூன்று சேனல்களுக்குப் போயிருப்பார்கள். அப்படியானால் அந்த 'அடுத்தது' யாரைத் தொட்டது?

---

கரிசல்காற்று எழுதியது:

நேர்கோடு, நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அந்த மாலை யாரோ ரசனைக்காக அடுக்கியது அல்ல, சட்டம் கேட்டது. ஐ.டி.வி. கவனிக்காத ரசனைகளுக்கும் ஆர்வங்களுக்கும் இடம் தர வேண்டும், வடிவத்திலும் உள்ளடக்கத்திலும் புதுமையையும் பரிசோதனையையும் ஊக்குவிக்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டமே சொன்னது. அதை நிறைவேற்றத் தலைமை நிர்வாகியாக வந்தவர் ஜெரமி ஐசக்ஸ். இரண்டாம் உலகப் போரைப் பற்றிய 'தி வேர்ல்ட் அட் வார்' ஆவணத் தொடரைத் தயாரித்தவர்.

இரண்டாவது, சேனல் 4 அப்போது அநேகமாகத் தானே நிகழ்ச்சி தயாரிக்கவில்லை. புத்தகப் பதிப்பாளர் மாதிரி, வெளியே இருப்பவர்களிடம் யோசனை கேட்டு, பணம் கொடுத்து, வாங்கி ஒளிபரப்பியது. இதனால் ஊர் ஊராகச் சிறு தயாரிப்பு நிறுவனங்கள் முளைத்தன. அதுவரை பி.பி.சி.யிலோ ஐ.டி.வி. கம்பெனிகளிலோ வேலை கிடைத்தால்தான் டி.வி.யில் எதையாவது செய்ய முடியும். புரூக்சைடு எடுத்த மெர்சி டெலிவிஷனும், ஃபைவ் கோ மேட் எடுத்த இளைஞர் கூட்டமும் இப்படி வந்தவர்கள்தாம். டான் ஃப்ரெஞ்ச், ஜெனிஃபர் சாண்டர்ஸ், ஏட்ரியன் எட்மண்ட்சன், பீட்டர் ரிச்சர்ட்சன், எல்லோரும் அப்போது சின்ன கிளப் மேடையில் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். இவர்களை நம்பி முதல் இரவிலேயே அரை மணி நேரம் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும்.

மூன்றாவது பணம். இதில்தான் உங்கள் எண்ணிக்கைக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சேனல் 4-இன் விளம்பர நேரத்தை அது விற்கவில்லை, அந்தந்த வட்டார ஐ.டி.வி. கம்பெனிகள் விற்றன. பதிலுக்கு அந்தக் கம்பெனிகள் ஆண்டுதோறும் ஒரு தொகையைக் கட்ட வேண்டும், சேனல் 4 அதில் நடக்கும். ஆகவே இன்று இரவு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது நாளைய சம்பளத்தைத் தீர்மானிக்கவில்லை. 1993இல்தான் சேனல் 4 தன் விளம்பரத்தைத் தானே விற்கத் தொடங்கியது. அந்த இடைப்பட்ட பத்தாண்டு அவகாசம் இல்லையென்றால், கூட்டம் வராத அந்தச் செய்தி நிகழ்ச்சியை ஆறே மாதத்தில் எடுத்துவிட்டு இன்னொரு வினாடிவினா போட்டிருப்பார்கள்.

---

நேர்கோடு எழுதியது:

பண ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போது பாராட்டு அந்த ஏற்பாட்டுக்குத்தானே போக வேண்டும், அந்த ஒரு மாலைக்கு அல்லவே? வாங்கிப் போட்ட நிகழ்ச்சிகள் பற்றிய என் கருத்தும் அப்படியே இருக்கிறது.

---

மேகலை எழுதியது:

'இன் தி பிங்க்' பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதால் நான் வருகிறேன். ரேவிங் பியூட்டீஸ் என்ற பெயரில் மூன்று பெண்கள். பெண்கள் எழுதிய கவிதைகளை எடுத்து, பாட்டாகவும் நடிப்பாகவும் கோர்த்துக் கொடுத்தார்கள். பிள்ளைப்பேறு, வீட்டு வேலை, காதல், கோபம் எல்லாம் உண்டு. 1982இல் எந்த சேனலிலும் இதற்கு மாலை நேரம் கிடைத்திருக்காது. இங்கேயும் கடைசி இடம்தான் கிடைத்தது, அது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் முதல் இரவிலேயே கிடைத்தது.

நேர்கோடு கேட்ட 'யாரைத் தொட்டது' என்பதற்கு ஒரு பதில்: எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், அதுவரை டி.வி.யில் தன்னைப் பார்த்தே இராதவர்கள் அன்று பார்த்தார்கள். அடுத்த ஆண்டு பெண்களே தயாரித்த 'பிராட்சைடு' நடப்புச் செய்தி நிகழ்ச்சியும் அதே சேனலில் வந்தது. அடுக்கிவைத்த வகைகளுக்கு வெறும் அழகுக்கு மேல் ஒரு பொருள் உண்டு.

---

பழையவானொலி எழுதியது:

இதே மாதிரி பலவகை மாலை ஒன்று திட்டமிட்டு நடக்காமலே போன கதையும் பிரிட்டனில் உண்டு. 1964 ஏப்ரல் 20, பி.பி.சி. 2-இன் தொடக்க இரவு. 'கிஸ் மீ, கேட்' இசை நாடகம், சோவியத் நகைச்சுவைக் கலைஞர் அர்காடி ரைகின், கடைசியில் சவுத்எண்டிலிருந்து வாணவேடிக்கை என்று எல்லாம் தயார். மாலையில் பாட்டர்சீ மின்நிலையத்தில் தீப்பிடித்தது. மேற்கு லண்டனின் பெரும்பகுதி இருட்டு, பி.பி.சி.யின் தொலைக்காட்சி மையத்திலும் மின்சாரம் இல்லை. அலெக்சாண்ட்ரா பேலஸில் மட்டும் மின்சாரம் இருந்ததால், அங்கிருந்து ஜெரல்ட் பிரீஸ்ட்லண்ட் செய்தி வாசித்து நிலைமையைச் சமாளித்தார்.

மறுநாள் காலை 11 மணிக்குக் குழந்தைகளுக்கான 'பிளே ஸ்கூல்' பி.பி.சி. 2-இன் முதல் முறையான நிகழ்ச்சி ஆகிவிட்டது. அன்று மாலை டெனிஸ் டூயி ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு ஒளிபரப்பைத் தொடங்கினார்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 1964இன் திட்டம் ஒரு கொண்டாட்ட இரவு. மறுவாரம் அது இருக்காது. 1982இல் போட்டவற்றில் பெரும்பாலானவை அடுத்த வாரமும் வரப்போகிற நிகழ்ச்சிகள். கொண்டாட்டம் வைக்காமல் நேராக வேலையைத் தொடங்கினார்கள்.

---

சின்னத்தாய்பேரன் எழுதியது:

வேல்ஸில் மட்டும் இது வேறு கதை. அங்கே நான்காவது பொத்தான் எஸ்4சி-க்குப் போனது, அதுவும் ஒரு நாள் முன்னதாக, நவம்பர் 1ஆம் தேதி. வெல்ஷ் மொழிக்குத் தனிச் சேனல் தருவோம் என்று சொன்ன தாட்சர் அரசு பின்வாங்கியபோது, பிளைட் கம்ரி கட்சியின் குயின்ஃபர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று 1980இல் அறிவித்தார். உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே அரசு இறங்கி வந்தது. ஆங்கிலத்தில் ஓடிய சேனல் 4 நிகழ்ச்சிகளில் பலவற்றை அவர்கள் வேறு நேரங்களில் போட்டார்கள். இதற்குத் தனி இழையே போடலாம்.

---

வடலி எழுதியது:

ஏழு மணிச் செய்தியைப் பற்றி எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. ஐ.டி.என். என்ற செய்தி நிறுவனத்தின் தயாரிப்பு, பீட்டர் சிஸ்ஸன்ஸ் வாசித்தார். மற்றச் சேனல்களில் ஒரு வெளிநாட்டுச் செய்தி ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே ஒரு மணி நேரம் இருந்ததால் ஒரு நாட்டின் பிரச்சினையை எடுத்து ஆற அமரக் கதைத்தார்கள். 1989 முதல் 2021 வரை ஜோன் ஸ்னோ அந்த மேசையில் இருந்தார்.

எங்கள் ஈழத்து ஆட்களுக்கு அந்தப் பெயர் ஏன் தெரியும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011 ஜூன் 14, இரவு 11 மணிக்குப் பிறகு, 'சிறிலங்காவின் கொலைக்களங்கள்' ஆவணப்படம். கேலம் மக்ரே இயக்கியது, ஸ்னோ தொகுத்து வழங்கியது. 2009இல் வன்னியில் என்ன நடந்தது என்று நாங்கள் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்று கத்தியபோது காது கொடுக்காத அயலவர்கள், மறுநாள் காலை வேலையிடத்தில் வந்து விசாரித்தார்கள். அந்தப் படத்துக்கு எதிராக வந்த புகார்களை ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்கொம் ஆராய்ந்து, விதிமீறல் இல்லை என்று முடிவு சொன்னது.

பார்க்க முடியாததைப் பார்க்க வைக்கும் பழக்கம் அந்தச் சேனலுக்கு 'வால்டர்' போட்ட இரவிலேயே இருந்தது. நேர்கோடு தம்பி பண ஏற்பாட்டுக்குப் பாராட்டுப் போகட்டும் என்கிறார். ஏற்பாடு பணம் தரும். எதை ஒன்பது மணிக்குப் போடுவது என்று ஆட்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

---

மூன்றாம்காட்சி எழுதியது:

வடலி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 8.30க்குப் பால் ஹோகன், 9க்கு வால்டர், 10.15க்கு ஃபைவ் கோ மேட். இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால்தான் அடுக்கியவரின் கை தெரிகிறது. எல்லோரும் சிரிக்கிற சாதாரண நகைச்சுவை கூட்டத்தை உட்கார வைக்கிறது. அடுத்து வரும் படம் அந்தச் சிரிப்பை நிறுத்துகிறது. அதன்பிறகு வரும் சிரிப்பு, ஆங்கிலேயர் தங்கள் பால்யத்தைப் பற்றி வைத்திருந்த இனிப்பான கற்பனையையே உரிக்கிறது. வால்டரின் பால்யத்தைப் பார்த்த கண்ணோடு அந்தச் சிறுவர் சாகசத்தைப் பார்க்கும்போது அதன் கூர்மை கூடுகிறது. ஹோகனை வாங்கிப் போட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்கியதை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள்.

---

நேர்கோடு எழுதியது:

இந்த மூன்றையும் அதே வரிசையில் பார்க்கும் எண்ணம் இருக்கிறது. ஹோகனின் அந்தக் குறிப்பிட்ட அரை மணி நேரம் கிடைக்குமா தெரியாது, அவருடைய அந்தக் காலத்து வேறொரு பகுதியை வைத்துக்கொள்கிறேன். வார இறுதியில் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். பீப்பிள்ஸ் கோர்ட் பற்றி மட்டும் என் கருத்து மாறாது, அதை அந்த ஆறு மணியில் வைத்ததற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

---

மேகலை எழுதியது:

பார்க்கும்போது 10.45க்கு எழுந்து போய்விடாதீர்கள்.